தண்டுவடத்தில் பாயும் தோட்டா: சட்டத்தின் கண்ணில் படாத குழந்தைகள்

வட மாநிலங்களில் திருமண ஊர்வலம் என்றால் பேண்டு வாத்தியமும் குதிரையும் மட்டுமல்ல, பல இடங்களில் துப்பாக்கியும் உண்டு. மணமகன் வீட்டாரின் செல்வாக்கை ஊரறியச் செய்வதற்காக வானத்தை நோக்கிச் சுடுவது உத்தரப் பிரதேசம், பிகார், ஹரியாணா, பஞ்சாப் மாநிலங்களிலும் தலைநகரை ஒட்டிய கிராமங்களிலும் நெடுங்காலமாகத் தொடரும் வழக்கம். வானத்தை நோக்கிப் போன தோட்டா வானத்திலேயே தங்கிவிடுவதில்லை. மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து ஊர்வலத்தை வேடிக்கை பார்க்கும் சிறுமியின் முதுகிலோ, தாயின் தோளில் உறங்கும் குழந்தையின் கழுத்திலோ அது வந்து தைக்கிறது. மறுநாள் நாளிதழ்களின் உள்பக்கத்தில் நான்கு வரிச் செய்தியாக "குண்டு பாய்ந்து குழந்தை காயம்" என்று இடம்பெறுகிறது. அத்துடன் செய்தி முடிந்துவிடுகிறது.

அந்தத் தோட்டா தண்டுவடத்தைத் தொட்டிருந்தால் குழந்தையின் வாழ்க்கை அன்றோடு வேறொன்றாகிவிட்டது என்பதையோ, அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்கு அந்தக் குடும்பம் என்ன செய்யப் போகிறது என்பதையோ விசாரிப்பதற்கு அரசிடம் எந்த ஏற்பாடும் இல்லை.

இந்த வழக்கத்துக்கு எதிராகச் சட்டமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2019-இல் ஆயுதச் சட்டத்தில் நாடாளுமன்றம் செய்த திருத்தத்தின்படி, பிறர் உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து நேரும் வகையில் கொண்டாட்டத்துக்காகத் துப்பாக்கியால் சுடுவோருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம். ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையும் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டது. நாட்டிலுள்ள துப்பாக்கி உரிமங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உத்தரப் பிரதேசத்தில் மட்டுமே இருந்ததாக 2016 இறுதிக்கான உள்துறை அமைச்சகப் புள்ளிவிவரம் காட்டியது. உரிமமே இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளுக்குக் கணக்கு கிடையாது. ஆக, சுட்டவரைப் பற்றிச் சட்டம் ஓரளவு சிந்தித்திருக்கிறது. சுடப்பட்ட குழந்தையைப் பற்றி அந்தத் திருத்தத்தில் ஒரு வார்த்தையும் இல்லை.

தோட்டா மட்டுமே காரணமல்ல. மேற்கு வங்கத்தில் அரசியல் மோதல்களுக்காகப் பதுக்கி வைக்கப்படும் நாட்டு வெடிகுண்டுகளைப் பந்து என்று நினைத்து எடுத்து விளையாடிய குழந்தைகள் உடல் சிதைந்த நிகழ்வுகள் ஆண்டுதோறும் செய்தியாகின்றன. வெடித்துச் சிதறும் ஆணிகளும் இரும்புத் துண்டுகளும் முதுகிலும் பாய்கின்றன. ஜம்மு எல்லைக் கிராமங்களில் பீரங்கிக் குண்டுச் சிதறல். சத்தீஸ்கரில் புதைத்து வைக்கப்பட்ட வெடி. தில்லியின் நெரிசலான குடியிருப்புகளில் பாதி கட்டி நிற்கும் வீடுகளின் மாடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளின் மீது பட்டம் விடும் சிறுவன் விழுவது. வீட்டுக்குள்ளேயே பென்சிலோ ஸ்க்ரூடிரைவரோ மேல் குழந்தை மல்லாந்து விழுவது. காரணங்கள் பல. எண்ணிக்கை ஒவ்வொன்றிலும் குறைவு. பாதிக்கப்படுவோரில் மிகப் பெரும்பாலோர் ஏழைகள். குறைந்த எண்ணிக்கை, சிதறிய இடங்கள், குரலற்ற பெற்றோர் என்ற மூன்றும் சேர்ந்தால் தில்லியில் எந்த அமைச்சகத்தின் மேசையிலும் அந்தப் பிரச்னைக்குக் கோப்பு திறக்கப்படுவதில்லை.

இத்தகைய காயங்களில் குழந்தையைப் பெரியவரின் சிறிய வடிவமாகக் கருதிச் சிகிச்சை அளிப்பது பெருந்தவறு என்று மருத்துவ உலகம் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறது. குழந்தையின் முள்ளெலும்புகள் மெல்லியவை. அவற்றுக்கிடையே குருத்தெலும்பு அதிகம், இடைவெளியும் அதிகம். பெரியவரின் எலும்பில் மோதி நின்றுவிடக்கூடிய கூர்முனை குழந்தையின் உடலில் நேரே தண்டுவடக் கால்வாய்க்குள் போய்விடக்கூடும். பிறக்கும்போது தண்டுவடத்தின் நுனி ஏறத்தாழ மூன்றாவது இடுப்பு முள்ளெலும்பு வரை இறங்கியிருக்கிறது. உடல் வளரவளர அது மேலேறி முதல், இரண்டாம் முள்ளெலும்புகளுக்கிடையே நிலைகொள்கிறது. ஆகவே இடுப்புக்குச் சற்று மேலே ஏற்பட்ட காயம் என்று பெரியவரிடத்தில் அலட்சியப்படுத்தக்கூடியது கைக்குழந்தையிடத்தில் தண்டுவடக் காயமாக இருக்கலாம். வேகமாகச் செல்லும் தோட்டா கால்வாய்க்குள் நுழையாமல் அருகில் கடந்து சென்றாலும் அதன் அதிர்வே தண்டுவடத்தைச் சேதப்படுத்திவிடுவதும் உண்டு.

கண்டறிவதிலேதான் முதல் சிக்கல். "கால் மரத்துப்போய்விட்டது" என்று இரண்டு வயதுக் குழந்தை சொல்லாது. அழுகிறது. நிற்க மறுக்கிறது. வலியால் நிற்கவில்லை என்று பெற்றோரும், சில வேளை மருத்துவரும் முடிவு செய்துவிடுகின்றனர். தண்டுவடக் காயத்தின் தன்மையை அளவிட உலகெங்கும் பயன்படும் தரப்படுத்தப்பட்ட பரிசோதனை முறைக்கு நோயாளியின் ஒத்துழைப்பும் பதிலும் வேண்டும். ஐந்து, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் அதை நம்பி முடிவெடுக்க முடியாது. இன்னொரு ஏமாற்றும் உண்டு. பாதத்தில் குத்தினால் கால் மடங்குகிறதே, ஆகவே இயக்கம் இருக்கிறது என்று எண்ணத் தோன்றும். தண்டுவடம் முழுமையாக அறுபட்ட பிறகும், அறுபட்ட இடத்துக்குக் கீழே உள்ள பகுதி தானாகவே இந்த அனிச்சைச் செயலை நிகழ்த்தும். அது குழந்தை காலை இழுத்துக்கொண்டதற்கு அடையாளம் அல்ல.

எனவே அனுபவமுள்ள மருத்துவர் குழந்தையைக் குத்திப் பார்ப்பதோடு நிற்பதில்லை, காத்திருந்து கவனிக்கிறார். பொம்மையைக் காட்டினால் எந்தக் கையை நீட்டுகிறது, குத்தும்போது முகம் சுளிக்கிறதா, அல்லது கால் மட்டும் அசைந்து முகம் அமைதியாக இருக்கிறதா, சிறுநீர் தாரையாக வருகிறதா, சொட்டிக்கொண்டே இருக்கிறதா, ஆசனவாய்த் தசை இறுக்கமாக இருக்கிறதா என்றெல்லாம் பார்க்கிறார். கத்திக்குத்தில் தண்டுவடத்தின் ஒரு பாதி மட்டும் வெட்டுப்பட்டிருந்தால், காயமடைந்த பக்கத்தில் இயக்கம் போகும், எதிர்ப்பக்கத்தில் வலியும் வெப்பமும் உணரும் திறன் போகும். 19-ஆம் நூற்றாண்டில் இதை விவரித்த பிரவுன்-செக்காரின் பெயரால் அழைக்கப்படும் இந்த நிலையில், மீள்வதற்கான வாய்ப்பு மற்ற பல வகைகளைவிட அதிகம். ஆனால் ஒரு காலை ஆட்டும் குழந்தையைப் பார்த்து "ஒன்றுமில்லை" என்று தையல் போட்டு அனுப்பிவிட்டால் அந்த வாய்ப்பும் போய்விடுகிறது.

முதுகில் ஒரு சிறு துளைதான் வெளியே தெரியும். உள்ளே நுரையீரல், குடல், பெரு இரத்தக்குழாய்கள் எவை கிழிந்திருக்கின்றன என்பதை முதலில் பார்க்க வேண்டும்; உயிரைப் பறிப்பது பெரும்பாலும் அவைதாம். இரத்த இழப்பால் தளர்ந்த குழந்தைக்கு நாடி வேகமாகத் துடிக்கும். தண்டுவடத்தின் மேற்பகுதி அறுபட்டதால் இரத்த அழுத்தம் விழுந்த குழந்தைக்கு நாடி மந்தமாக இருக்கும். இரண்டுக்கும் சிகிச்சை வேறு. குழந்தையின் உடல் கடைசி வரை இரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்துவிட்டுத் திடீரென்று சரியும் என்பதால், அழுத்தக் கருவியை மட்டும் நம்பியிருப்பவர் தாமதமாகவே விழித்துக்கொள்வார்.

அதன் பிறகே ஸ்கேன். எலும்பையும் உலோகத்தையும் சி.டி. ஸ்கேன் துல்லியமாகக் காட்டும். மரத்துண்டை அது காற்றுக்குமிழி போலக் காட்டிவிடக்கூடும். பென்சிலோ மூங்கில் சிம்போ குத்திய குழந்தைக்கு இது முக்கியம், ஏனெனில் உள்ளே தங்கும் மரம் சீழ் பிடிக்கும். தண்டுவடத்தின் நிலையை அறிய எம்.ஆர்.ஐ. வேண்டும். ஆனால் காந்தப் புலத்தில் இரும்பு நகரும். தொழிற்சாலையில் செய்த ஈயத் தோட்டாக்களில் பெரும்பாலானவை காந்தத்தால் ஈர்க்கப்படுவதில்லை. நாட்டுத் துப்பாக்கியிலிருந்தும் நாட்டு வெடிகுண்டிலிருந்தும் வந்த துண்டு எந்த உலோகம் என்று யார் உறுதி சொல்வது? போதாக்குறைக்கு, சிறு குழந்தை அசையாமல் எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் படுத்திருக்க மயக்க மருந்தும், குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகியவரும் தேவை. மாவட்டத் தலைநகர் மருத்துவமனையில் இயந்திரம் இருந்தாலும் அந்த மருத்துவர் இருப்பாரா என்பதே கேள்வி.

சம்பவ இடத்தில் நடப்பதும் இதே அளவுக்கு முக்கியமானது. குத்தி நிற்கும் கம்பியையோ கத்தியையோ பிடுங்கக் கூடாது. அது உள்ளே இரத்தக்குழாயை அடைத்துக்கொண்டிருக்கலாம்; பிடுங்கும்போது தண்டுவடத்தை மேலும் கிழிக்கலாம். கம்பி நீளமாக இருந்தால் வெளிப்பகுதியை வெட்டிவிட்டு, அசையாமல் பற்றி, குழந்தையைப் பக்கவாட்டிலோ குப்புறவோ படுக்க வைத்துக் கொண்டு செல்ல வேண்டும். அறுவை அரங்கில்தான் அதை எடுக்க வேண்டும். சாலை விபத்தில் கழுத்துப் பட்டை மாட்டிப் பலகையில் கட்டுவதற்குக் கொடுக்கும் முக்கியத்துவத்தைத் துளைத்த காயத்துக்குக் கொடுத்து நேரத்தை வீணாக்குவதால் உயிரிழப்பு கூடுவதாக அமெரிக்க ஆய்வுகள் காட்டியுள்ளன. நமது முதலுதவிப் பயிற்சிகள் பெரும்பாலும் சாலை விபத்தை மனத்தில் வைத்தே நடத்தப்படுகின்றன.

துப்பாக்கிக் காயம் என்றதும் மருத்துவமனை வாசலில் எழும் முதல் கேள்வி காவல்துறை சம்பந்தப்பட்டது. 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம், வழக்கு நடைமுறைக்காகக் காத்திராமல் காயமடைந்தவரின் உயிரைக் காப்பதே அரசு, தனியார் எவராயினும் ஒவ்வொரு மருத்துவரின் முதல் கடமை என்று தீர்ப்பளித்தது. விபத்தில் அடிபட்டவரைச் சேர்க்க மறுத்து, 20 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள மருத்துவமனைக்கு அனுப்பி, வழியிலேயே அவர் இறந்த செய்திதான் அந்த வழக்குக்கு மூலம். தீர்ப்பு வந்து முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும், சிறு நகரங்களின் தனியார் மருத்துவமனைகளில் "பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்" என்ற பதில் மறைந்துவிடவில்லை.

சிகிச்சையைப் பற்றியும் ஒரு பழக்கம் மாற வேண்டியிருக்கிறது. 1990-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றின் அடிப்படையில், தண்டுவடக் காயத்துக்கு அதிக அளவில் ஸ்டீராய்டு ஊசி போடுவது உலகெங்கும் வழக்கமாயிற்று. அந்த ஆய்வில் குண்டு பாய்ந்தவர்களும் சேர்க்கப்படவில்லை, 13 வயதுக்குட்பட்டவர்களும் சேர்க்கப்படவில்லை. குண்டுக் காயங்களில் அதனால் பலன் இல்லை, தொற்று போன்ற தீங்குகளே கூடுகின்றன என்று பிந்தைய ஆய்வுகள் தெரிவித்தன. அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர் சங்கங்களின் 2013-ஆம் ஆண்டு நெறிமுறை, தண்டுவடக் காயத்துக்கு அந்த ஊசியே வேண்டாம் என்று கூறிவிட்டது. "ஏதாவது செய்ய வேண்டுமே" என்பதற்காக இன்னமும் அதைப் போடுவோர் இருக்கின்றனர். குழந்தைக்கு உண்மையில் தேவைப்படுவது ரண ஜன்னித் தடுப்பூசியும், காயத்தைச் சுத்தம் செய்வதும், தோட்டா குடலைத் துளைத்துத் தண்டுவடத்தை அடைந்திருந்தால் ஒரு வாரத்துக்குக் குறையாத கிருமிக்கொல்லி மருந்தும்தான்.

உள்ளே இருக்கும் தோட்டாவை எடுத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. இது பெற்றோருக்குப் புரிய வைக்கக் கடினமான விஷயம். மூளைத் தண்டுவடத் திரவம் காயத்தின் வழியே கசிந்தால், துண்டு ஒன்று நரம்பை அழுத்திக்கொண்டிருந்து ஓரளவு இயக்கம் மீந்திருந்தால், நாளுக்கு நாள் நிலைமை மோசமானால், சீழ் பிடித்தால் அறுவை தேவை. முழுமையாக அறுபட்ட தண்டுவடத்தருகே அமைதியாகக் கிடக்கும் தோட்டாவை எடுப்பதால் கால் திரும்பி வராது. ஆனால் பின்னாளில் அது நகரலாம், ஈய நச்சு கசியலாம். ஆகவே ஆண்டுக்கணக்கில் கண்காணிப்பு வேண்டும். அந்தக் கண்காணிப்புக்கு யார் பணம் தருவது என்ற இடத்தில்தான் மருத்துவம் முடிந்து அரசியல் தொடங்குகிறது.

இந்திய அரசு காயத்தைப் பார்க்கும் பார்வை நெடுஞ்சாலையில் இருந்து தொடங்குகிறது. 11-ஆவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் விபத்துச் சிகிச்சை மையங்களுக்கு மத்திய அரசு நிதி ஒதுக்கியபோது, தங்க நாற்கரச் சாலையை ஒட்டியே இடங்கள் தேர்வாயின. 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட ரொக்கமில்லாச் சிகிச்சைத் திட்டம், விபத்து நடந்த நாளிலிருந்து ஏழு நாள்களுக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை செலவை ஏற்கிறது. வரவேற்கத்தக்க திட்டம். ஆனால் மோட்டார் வாகனத்தால் நேர்ந்த காயமாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய "இன்னுயிர் காப்போம்" திட்டமும் சாலை விபத்துக்கானதே. ஒரே படுக்கையறையில், ஒரே வகைத் தண்டுவடக் காயத்துடன் கிடக்கும் இரு குழந்தைகளில் லாரியில் அடிபட்டதற்கு ஒரு சட்டமும், தோட்டா பாய்ந்ததற்கு இன்னொரு சட்டமும் என்பதை எந்த நியாயத்தால் விளக்குவது?

இழப்பீட்டிலும் இதே வேற்றுமை. ஹரியாணாவில் 2007-இல் சாலை விபத்தில் மூளை பாதிக்கப்பட்ட 12 வயதுச் சிறுமிக்கு, வாழ்நாள் முழுவதும் உதவியாளர் தேவை என்பதையும் கணக்கிட்டு 62 லட்சம் ரூபாய்க்கும் அதிகமான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2020-இல் வழங்கியது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேல் ஆயின என்றாலும், கணக்கிடும் முறை ஒன்று இருந்தது. கொடுக்க ஒரு காப்பீட்டு நிறுவனம் இருந்தது. அடையாளம் தெரியாத வாகனம் மோதிப் படுகாயமடைந்தவருக்குக்கூட 50,000 ரூபாய் என்று 2022 முதல் நிர்ணயம் உண்டு. அடையாளம் தெரியாத துப்பாக்கிக்கு? பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 396-ஆவது பிரிவின்படி மாநிலத்தின் பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. குற்றவாளி யாரென்று தெரியாவிட்டாலும் விண்ணப்பிக்கலாம்; இரண்டு மாதத்துக்குள் விசாரணை முடிய வேண்டும்; இடைக்கால உதவிக்கும் வழி உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 2009 முதலே இருந்த ஏற்பாடு இது. மாநிலத்துக்கு மாநிலம் தொகை வேறு. விண்ணப்பிக்கலாம் என்பதை மருத்துவமனையில் யாரும் சொல்வதும் இல்லை.

வாகனத்துக்கு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். சைக்கிளை விடச் சற்றே வேகமாகப் போகும் மொபெட்டுக்கும் அது உண்டு. லட்சக்கணக்கான துப்பாக்கி உரிமங்களில் ஒன்றுக்கும் அந்த நிபந்தனை இல்லை. உரிமம் புதுப்பிக்கும்போது காப்பீட்டுச் சான்று கேட்பதற்கு என்ன தடை என்று நாடாளுமன்றத்தில் யாரேனும் வினவலாம். கள்ளத் துப்பாக்கிக்கு இது பொருந்தாது என்று மறுப்பு வரும். உண்மைதான். அதற்குத்தான், ஓட்டிச் சென்ற வாகனத்துக்கு இருப்பது போன்ற நிதி ஒன்று வேண்டும் என்பது.

ஆயினும் இழப்பீட்டைவிடப் பெரியது மருத்துவமனையை விட்டு வெளியேறிய பிறகு வரும் காலம். பிரதமரின் மக்கள் ஆரோக்கியத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை உள்நோயாளிச் செலவை ஏற்கிறது. வீடு திரும்பிய பிறகு 15 நாள்கள். தண்டுவடம் அறுபட்ட நான்கு வயதுக் குழந்தைக்கு உண்மையான சிகிச்சை அந்தப் பதினாறாம் நாளில்தான் தொடங்குகிறது. சிறுநீர்ப்பையை நாளொன்றுக்கு நான்கு முதல் ஆறு முறை மெல்லிய குழாய் செலுத்திக் காலி செய்ய வேண்டும். தவறினால் சிறுநீரகம் கெடும். படுக்கைப் புண் வராமல் பார்க்க வேண்டும். வளர்ச்சி முடிவதற்கு முன் முடமான குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு முதுகெலும்பு பக்கவாட்டில் வளைகிறது. இடுப்பு மூட்டு நழுவுகிறது. உட்காரும் நிலையே குலைந்து, நுரையீரல் சுருங்குகிறது. பெரியவருக்கு வராத இந்தத் துன்பம் குழந்தைக்கு வருவது, அது வளர்கிறது என்ற ஒரே காரணத்தால்.

தில்லி வசந்த் குஞ்சில் உள்ள இந்திய முதுகுத்தண்டுக் காய மையத்தை நிறுவிய மேஜர் எச்.பி.எஸ். அலுவாலியா, 1965 மே மாதம் எவரெஸ்ட் உச்சியை எட்டியவர். அதே ஆண்டு பாகிஸ்தானுடனான போரில் குண்டு பாய்ந்து முடமானவர். இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் பெற்ற மறுவாழ்வுச் சிகிச்சையே இங்கும் அப்படியொன்று வேண்டும் என்று அவரை எண்ண வைத்தது. அவருக்கு முன்பே, 1954-இல் கார் விபத்தில் கால்களை இழந்த டாக்டர் மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி அறுவை சிகிச்சை செய்து, 1966-இல் வேலூரில் மறுவாழ்வு மையம் உருவாக வழிவகுத்தார். இந்நாட்டில் தண்டுவட மறுவாழ்வு என்பது பாதிக்கப்பட்ட தனிமனிதர்களின் பிடிவாதத்தால் வந்தது. அரசு அதைத் தன் கடமையாக எடுத்துக்கொண்டு மாவட்டந்தோறும் கொண்டு செல்லவில்லை.

புதிதாகக் கட்டடம் எழுப்பவும் அவசியம் இல்லை. 2013 முதல் நடைபெறும் தேசியக் குழந்தை நலத் திட்டத்தின் கீழ், பிறவிக் குறையுள்ள குழந்தைகளுக்காக மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் உள்ளன. முதுகெலும்பு மூடாமல் பிறக்கும் குழந்தைகள் அங்கே வருகின்றனர். அவர்களுக்கும் அதே குழாய், அதே சிறுநீரகப் பரிசோதனை, அதே முதுகு வளைவு, அதே காலணி. ஆனால் அத்திட்டத்தின் பட்டியல் பிறவிக் குறை, ஊட்டக் குறை, நோய், வளர்ச்சித் தாமதம் என்ற நான்கு தலைப்புகளில் அமைந்தது. காயம் அதில் தலைப்பு அல்ல. பிறக்கும்போதே கால் செயலிழந்த குழந்தை உள்ளே வரலாம்; திருமண வீட்டில் கால் செயலிழந்த குழந்தைக்கு அந்தப் பட்டியலில் இடம் தேட வேண்டும். செலவு கூடும் என்று நிதி அமைச்சகம் ஆட்சேபிக்குமானால், எண்ணிக்கை குறைவு என்பதே இத்தனை காலம் இப்பிரச்னையைக் கவனிக்காததற்குச் சொல்லப்பட்ட காரணம் என்பதை நினைவுபடுத்தலாம்.

மாற்றுத் திறனாளிகளுக்கு உபகரணம் வழங்கும் மத்திய அரசுத் திட்டத்தில், ஒருமுறை சக்கர நாற்காலி பெற்றவர் மூன்று ஆண்டுகள் கழித்தே அடுத்ததற்கு விண்ணப்பிக்கலாம். 12 வயதுக்குட்பட்டவர் ஓராண்டிலேயே விண்ணப்பிக்கலாம். குழந்தை வளரும் என்பதை உணர்ந்து யாரோ ஓர் அதிகாரி எழுதிய விதி அது. சிறுநீர்க் குழாய்க்கும், ஆண்டுக்கொரு முதுகெலும்பு எக்ஸ்ரேக்கும், உள்ளே தங்கிய தோட்டாவின் கண்காணிப்புக்கும் அதே விதியை நீட்டிக்கச் சட்டத் திருத்தம் வேண்டியதில்லை. சுகாதார அமைச்சகமும் சமூக நீதி அமைச்சகமும் சேர்ந்து வெளியிடும் ஒரு சுற்றறிக்கை போதும்.